உணவு விடுதியில் நமக்குக் கிடைத்த இடம்

வெளியூர் சென்று திரும்பியவர் எவரும் தாம் உண்டுவந்த விடுதியைப் பற்றி நான்கு பேரிடம் சொல்லாமல் இருப்பதில்லை. இட்டிலி பஞ்சுபோல் இருந்தது என்பார். சாம்பாரில் உப்புச் சற்றுத் தூக்கல் என்பார். காப்பி பேஷ் என்பார். விலைதான் கூடுதல் என்று சொல்லி முடிப்பார். கேட்பவரும் அடுத்த முறை அவ்வழியே போகும்போது அந்த விடுதியைத் தேடிச் செல்வார். உலகத்தார் யாவரும் செய்யும் எளிய பேச்சு இது.

நம் பெரியவர்களும் கடைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஆயின், அவர்கள் பேச்சில் சுவைக்கு இடம் கடைசியில்தான். உள்ளே விடுகிறார்களா? உட்கார வைக்கிறார்களா? எந்தக் குவளையில் ஊற்றுகிறார்கள்? குடித்த குவளையை யார் கழுவுவது? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே தேநீர் திடமாக இருந்ததா, தண்ணீராக இருந்ததா என்னும் பேச்சு எழும். நாவின் சுவையைப் பேசுவதற்கே ஒரு தகுதி வேண்டும் என்று ஒரு சமுதாயத்துக்கு விதித்திருந்தார்கள். அந்த விதி எப்படி உண்டாயிற்று, எப்படித் தளர்ந்தது, எங்கே இன்னும் தளராமல் நிற்கிறது என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். நம் கல்விச் சங்கம் கால் நூற்றாண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில் அந்த நான்கு கேள்விகளையே அளவுகோலாகக் கொண்டு இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சத்திரமும் காப்பிக் கிளப்பும்

சோற்றை விலைக்கு விற்பது தமிழ்நாட்டில் மிகப் பழைய வழக்கமன்று. வழிப்போக்கருக்கு உணவளிப்பது அறம் எனக் கருதப்பட்டது. மன்னர்களும் செல்வர்களும் சத்திரங்களைக் கட்டினர். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி 1801-ஆம் ஆண்டில் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், இராமேசுவரம் செல்லும் சாலையிலுள்ள தம் சத்திரங்களில் பிராமணர் முதல் பறையர் ஈறாக வழிப்போக்கர் எல்லோருக்கும் உணவு அளிக்கப்படுவதாகக் குறிப்பிட்டுள்ளார். நம்மவருக்கும் சோறு உண்டு என்று அரசரே எழுதிவைத்த சான்று இது, மறுக்க வேண்டியதில்லை. எனினும், எல்லோருக்கும் சோறு என்பது வேறு. எல்லோருக்கும் ஒரே பந்தி என்பது வேறு. முன்னது இரக்கத்தால் கிடைப்பது. பின்னது உரிமையால் மட்டுமே கிடைப்பது.

இருப்புப் பாதையும் நகரங்களும் வளர்ந்தபோது நிலைமை மாறியது. வழக்காட வந்தவர், அலுவல் தேடி வந்தவர், கல்லூரியிற் படிக்க வந்தவர் என வீட்டை விட்டு வெளியே உண்ண வேண்டியோர் பெருகினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காப்பிக் கிளப்புகளும் சாப்பாட்டு விடுதிகளும் தோன்றின. அறத்துக்காக உணவளித்த இடத்தில் காசுக்கு உணவளிக்கும் முறை வந்தது. காசுக்குச் சாதி ஏது என்று நாம் எண்ணலாம். ஆனால், கடைக்காரர் காசோடு சேர்த்துச் சாதியையும் கேட்டார். ‘பிராமணாள்’ என்னும் சொல்லைத் தாங்கிய பெயர்ப் பலகைகள் தொங்கின. உள்ளே பிராமணருக்கு ஒரு பகுதி, மற்றவருக்கு ஒரு பகுதி. அந்த ‘மற்றவர்’ என்னும் சொல்லிலும் நாம் அடங்கவில்லை. நமக்கு வாசற்படிதான் எல்லை.

இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இப்பிரிவினை இருந்தது. ஒரே வண்டியில் ஒரே கட்டணத்தில் வந்தவர்கள் இறங்கியதும் இரண்டு இடங்களில் உண்டனர். தந்தை பெரியாரும் அவரைச் சார்ந்தோரும் தொடர்ந்து கண்டித்ததன் பயனாக 1941-ஆம் ஆண்டில் அந்த ஏற்பாடு நீக்கப்பட்டது. பின்னர் 1957-ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் விடுதியின் பெயர்ப் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை எதிர்த்து அவர் மறியலைத் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் சென்று கைதாயினர். பல மாதங்கள் நடந்த அப்போராட்டத்தின் முடிவில், 1958-ஆம் ஆண்டில், அச்சொல் அப்பலகையிலிருந்து மறைந்தது.

தேயிலை பறித்த கை

காப்பி நடுத்தர வகுப்பாரின் பானமாக வளர்ந்தது. தேநீர் உழைப்பாளிகளின் பானமாகப் பரவியது. கிராமத்து முச்சந்தியிலும் ஆலைவாயிலிலும் பேருந்து நிற்குமிடத்திலும் கீற்றுக் கொட்டகை போட்டு, ஓர் அடுப்பும் ஒரு பாய்லரும் வைத்துத் தேநீர்க் கடைகள் எழுந்தன.

இங்கே ஒரு செய்தியை இளைஞர்கள் மறக்கலாகாது. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867-ஆம் ஆண்டில் தேயிலையை வாணிகப் பயிராக இட்டார். அதன் பின்னர் இரண்டு ஆண்டுகளில் காப்பிச் செடிகளை இலைநோய் தாக்கத் தொடங்கியது. நாளடைவில் காப்பித் தோட்டங்கள் அழிந்து, மலைகள் தேயிலை மலைகளாயின. அம்மலைகளுக்கும், நீலகிரி, வால்பாறை ஆகிய மலைகளுக்கும் கொத்து வேலை செய்யவும் கொழுந்து பறிக்கவும் சென்ற தமிழரில் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சமுதாயத்தவரே. அட்டைக்கடியிலும் பனியிலும் நின்று கொழுந்தைக் கிள்ளிக் கூடையிலிட்ட கை நம்முடைய கை. அக்கை பட்ட இலையில் தீட்டு இல்லை. அவ்விலையைக் கொதிக்கவைத்து ஊற்றிய குவளையை அதே கை தொட்டால் தீட்டு! இதைவிடத் தெளிவாகத் தீண்டாமையின் பொய்ம்மையை விளக்கப் பாடநூல் வேண்டியதில்லை.

இரட்டைக் குவளை முறை எவ்வாறு நடந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் பலர் நேரிற் கண்டதில்லை. ஆகவே விளக்கிச் சொல்கிறேன். கடையினுள் பலகைமீது கண்ணாடிக் குவளைகள் அடுக்கப்பட்டிருக்கும். நமக்கு உரியது வெளியே கூரைக் கழியிலோ ஆணியிலோ மாட்டப்பட்டிருக்கும். அது ஒடுங்கிய அலுமினியக் குவளையாகவோ தேங்காய்ச் சிரட்டையாகவோ இருக்கும். குடிக்க வருபவர் அதைத் தாமே எடுத்துக் கழுவித் தரையில் வைக்க வேண்டும், அல்லது நீட்ட வேண்டும். கடைக்காரர் குவளையிற் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். கடைப் பலகையில் அமர்தல் கூடாது. தரையில் குந்தியோ ஓரமாக நின்றோ குடிக்க வேண்டும். குடித்ததும் மீண்டும் கழுவி மாட்டிவிட்டு, காசைக் கையில் கொடுக்காமல் வைத்துவிட்டுப் போக வேண்டும். தேநீரின் விலையில் மட்டும் வேற்றுமை இல்லை. எல்லோருக்கும் ஒரே விலை.

சட்டம் வந்த வழி

இந்நிலையை நம் தலைவர்கள் வாய் பேசாமல் பார்த்திருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம், பொதுமக்கள் கூடுமிடம் ஆகியவற்றில் எவ்வகுப்பினரும் தடையின்றிச் செல்லலாம் என்பது அதன் கருத்து. அரசும் அதை ஏற்று அவ்வாண்டே ஆணை பிறப்பித்தது. அடுத்து, எம். சி. இராஜா அவர்களின் முயற்சியால் 1938-ஆம் ஆண்டில் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. சாலையிலிருந்து தொடங்கி, கிணற்றைக் கடந்து, கடை வாசலை நோக்கிச் சட்டம் படிப்படியாக நடந்துவந்தது.

அரசியலமைப்புச் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கர், விடுதிகளின் கதவு எப்படிச் சாத்தப்படும் என்பதைத் தம் உடம்பில் அறிந்தவர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துத் திரும்பிய அவர், 1917-ஆம் ஆண்டில் பரோடா அரசின் பணிக்குச் சென்றபோது தங்குவதற்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியொன்றில் வேறு பெயரில் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகளுடன் வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். உயர்ந்த படிப்பும் உயர்ந்த பதவியும் அவருக்கு ஓர் அறையைப் பெற்றுத் தரவில்லை.

அரசியலமைப்பு மன்றம் 1948-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் தீண்டாமை ஒழிப்புப் பிரிவை ஏற்றுக்கொண்டது. அதுவே இன்றைய 17-ஆம் பிரிவு. அதே நாளில் விவாதிக்கப்பட்ட மற்றொரு பிரிவு இன்றைய 15-ஆம் பிரிவு. கடைகள், பொது உணவு விடுதிகள், தங்கும் விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் நுழைய எந்தக் குடிமகனுக்கும் சாதி காரணமாகத் தடை விதிக்கலாகாது என்று அதன் இரண்டாம் உட்பிரிவு கூறுகிறது. ‘கடை’ என்பதன் பொருள் யாது என்ற வினா மன்றத்தில் எழுந்தது. உள்ளே நுழையும் உரிமை மட்டும் இதிற் கருதப்படவில்லை, அங்கே அளிக்கப்படும் சேவையைக் கேட்டுப் பெறும் உரிமையும் இதில் அடங்கும் என்று அம்பேத்கர் விளக்கினார். ஆழ்ந்து நோக்கத்தக்க விளக்கம் இது. கடை வாசலைத் தாண்டினால் மட்டும் போதாது. மற்றவருக்கு எது எப்படிக் கொடுக்கப்படுகிறதோ அது அப்படியே நமக்கும் கொடுக்கப்பட வேண்டும்.

1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இதை இன்னும் விளக்கமாக எழுதியது. உணவு விடுதிக்குள் நுழைவதைத் தடுப்பது குற்றம் என்று கூறியதோடு நில்லாமல், அங்கே பொதுமக்களுக்காக வைக்கப்பட்டுள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்று அதன் நான்காம் பிரிவு கூறியது. நாட்டின் நாடாளுமன்றம் ஒரு தேநீர்க் குவளையை நினைந்து சட்டம் இயற்றியது என்றால் அக்குவளையின் கொடுமையை உணரலாம். இச்சட்டம் 1976-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயர் பெற்றது, தண்டனையும் கடுமையாக்கப்பட்டது. 1989-ஆம் ஆண்டில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு வந்து 2016 சனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்திலும், பொது இடத்திலுள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுத்தல் குற்றமாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அறுபது ஆண்டுகள் கழித்தும் அதே பாத்திரத்தை மீண்டும் எழுத வேண்டியிருந்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

குவளை ஏன் அசையவில்லை?

நகரத்துப் பெயர்ப் பலகை மாறியது. கிராமத்துக் குவளை மாறவில்லை. காரணம் என்ன? நகரத்து விடுதியில் வருபவர் யார் என்று எவருக்கும் தெரியாது. பேருந்து நிலையத்து விடுதியில் இலை போடுபவர் ஊர் கேட்பதில்லை, தெருவும் கேட்பதில்லை. கிராமத்துக் கடையிலோ தந்தை பெயர், பாட்டன் பெயர், குடியிருக்கும் தெரு எல்லாம் எல்லோருக்கும் தெரியும். மேலும், பொதுக் குவளையை நம்மிடம் நீட்டினால் ஆதிக்கச் சாதியினர் அக்கடைக்கு வரமாட்டார்கள் என்னும் அச்சம் கடைக்காரருக்கு. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் நாளை வயலில் வேலை கிடைக்காது, மளிகைக் கடையில் கடன் கிடைக்காது என்னும் அச்சம் நம்மவருக்கு. இவ்விரண்டு அச்சங்களும் சேர்ந்து சட்டப் புத்தகத்தை மூடிவைத்தன.

அச்சத்தை மீறியவர்கள் விலை கொடுத்தார்கள். முகவை மாவட்டத்தில் தீண்டாமைக் கொடுமைகளை எதிர்த்து நம் மக்களைத் திரட்டிய இம்மானுவேல் சேகரன் 1957-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் பரமக்குடியில் கொலையுண்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்றும் நிறையவில்லை.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்துத் தமிழரிடையேயும் இதே வழக்கம், இதே போராட்டம். அங்கே 1957-ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. இங்கு நேர்ந்ததுபோலவே கிராமத்துக் கடைகள் அதற்கு இணங்கவில்லை. 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி மக்கள் ஊர்வலமாகச் சென்றனர். அதனைத் தொடர்ந்து தேநீர்க் கடைப் பிரவேசமும் ஆலயப் பிரவேசமும் பல ஊர்களில் நடந்தன. சங்கானை போன்ற இடங்களில் உயிர்களும் பலியாயின. எழுத்தாளர் கே. டானியல் அவ்வியக்கத்தில் முன்னின்றவர்களுள் ஒருவர். ஒரு குவளைத் தேநீரை உட்கார்ந்து குடிப்பதற்காக மனிதர்கள் உயிர் கொடுத்தார்கள் என்பதை, இன்று நண்பருடன் நினைத்த கடையில் நினைத்ததை வாங்கி உண்ணும் இளைஞர் ஒரு கணமேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துப் பந்தி

நான் ஆசிரியன், ஆகவே பள்ளிக்கூடத்தைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் 1920-ஆம் ஆண்டில் நீதிக்கட்சியினர் தொடங்கிய பகல் உணவு, பெருந்தலைவர் காமராசர் காலத்தில், 1956-ஆம் ஆண்டில், மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அவர்கள் அதனைச் சத்துணவுத் திட்டமாக வளர்த்தார். 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் சேர்ந்துள்ளது. இத்திட்டங்களால் பசி தீர்ந்ததையும் வருகை பெருகியதையும் எல்லோரும் பேசுகிறார்கள். நான் வேறொன்றைப் பேச விரும்புகிறேன். தந்தை ஊர்க் கடையில் தரையில் குந்திக் குடித்த அதே காலத்தில், மகன் பள்ளித் தாழ்வாரத்தில் மற்றச் சாதிப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே கரண்டியால் பரிமாறப்பட்ட சோற்றை உண்டான். அந்த ஒரே வரிசை எத்தனையோ சட்டங்கள் செய்யாததைச் செய்தது.

அங்கும் முள் இல்லாமலில்லை. 2018-ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளியொன்றில், சமைப்பவர் அருந்ததியர் சமுதாயத்துப் பெண் என்பதற்காகப் பெற்றோர் சிலர் எதிர்த்தனர். செய்தி நாடெங்கும் பரவி, வழக்கும் பதிவாயிற்று. ஒரே வரிசையில் உண்ணச் சம்மதித்த ஊர், நம் கையால் சமைத்ததை உண்ணத் தயங்குகிறது. ஆகவே, நம் பெரியவர்களின் நான்கு கேள்விகளோடு ஐந்தாவது ஒன்றையும் சேர்க்க வேண்டும்: சமைப்பவர் யார் என்று கேட்கிறார்களா?

நாம் செய்ய வேண்டுவன

தனிக் குவளை வெளிப்படையாகத் தொங்கும் கடைகள் இன்று குறைந்துவிட்டன. ஆயினும் தீட்டு வேடம் மாற்றிக்கொள்ளும். தூக்கி எறியும் குவளைகள் வந்தபோது சில ஊர்களில் நம்மவருக்கு மட்டும் அக்குவளை, மற்றவர்க்குக் கண்ணாடிக் குவளை என்னும் புதிய இரட்டை முறை தோன்றியது. 2019 சனவரி முதல் நாள் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை வந்தது. அது சுற்றுச்சூழலுக்காக வந்த தடை. மனச்சூழலுக்கு அத்தகைய தடை இல்லை. எனவே, குவளை எதனாற் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டா. எல்லோர்க்கும் ஒன்றா என்று பாருங்கள்.

அன்பார்ந்த இளைஞர்களே! மூன்று கடமைகளை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, சட்டத்தைப் படியுங்கள். பட்டியல் சாதியினர் ஒருவருக்கு எதிராக இக்குற்றம் நிகழ்ந்தால், அது தீண்டாமை காரணமாகவே நிகழ்ந்தது என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும்; மறுப்பவர்தாம் மெய்ப்பிக்க வேண்டும். கடமை தவறும் அரசு அலுவலருக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தண்டனை உண்டு. இவ்விரண்டையும் அறிந்தவர் காவல் நிலையத்தில் தலை குனிந்து நிற்க மாட்டார். தனியாகப் போகாதீர்கள், சங்கத்தோடு போங்கள். கையால் அடித்து நொறுக்காதீர்கள். எழுத்தால் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, தொழில் தொடங்குங்கள். நம்மவர் தேநீர்க் கடையும் சிற்றுண்டிச் சாலையும் நடத்த வேண்டும். அதுவும் நம் தெருவுக்குள் மட்டுமன்றிக் கடைவீதியிலும் பேருந்து நிலையத்திலும் நடத்த வேண்டும். வாடிக்கையாளரை எதிர்பார்த்து நிற்கும் கடை உரிமையாளராக நம்மில் பலர் வரும்போதுதான் ஐந்தாவது கேள்வி அழியும்.

மூன்றாவது கடமை கசப்பானது. ஆயினும் சொல்லியாக வேண்டும். நமக்குள்ளேயே ஒரு படி கீழென்று நாம் கருதும் சகோதரச் சாதியாரை நம் வீட்டுத் திண்ணையில் எங்கே அமர வைக்கிறோம்? அவர்களுக்கு எந்தக் குவளையில் தண்ணீர் தருகிறோம்? நம் துணியை வெளுத்தவருக்கும், நம் தெருவைத் துப்புரவு செய்தவருக்கும் நம் வீட்டில் தனிக் குவளை இருக்குமானால், ஊர்க் கடையின் தனிக் குவளையைக் கண்டிக்க நமக்கு நாக்கு எழலாகாது. பிறரிடம் கேட்கும் நான்கு கேள்விகளையும் முதலில் நம் அடுக்களையிலிருந்து கேட்டுப் பழக வேண்டும்.

இச்சங்கம் பொன்விழாக் கொண்டாடும்போது இன்று நம் பள்ளிகளிற் படிக்கும் பிள்ளைகள் அம்மலரில் எழுதுவார்கள். அவர்கள் வெளியூர் போய்வந்து, இட்டிலி மென்மையா, சட்டினி காரமா, விலை நியாயமா என்று மட்டும் எழுதட்டும். வேறெதையும் கேட்டறிய வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லாதிருக்கட்டும். அந்த எளிய பேச்சைப் பேசும் உரிமையை அவர்களுக்கு முழுமையாகப் பெற்றுத் தருவது நம் தலைமுறையின் பொறுப்பு.